பழைய பைபர் படகை வீட்டிலேயே சீர்செய்தல்: முதல்முறை இறங்குவோருக்கு

பழைய பைபர் படகை வாங்கியவர்கள் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் பெயின்ட் கடையில். கடைசியாகப் போகவேண்டிய கடை அது. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய ஓடு லேசில் கெடாது. முப்பது வருடம் ஓடிய ஓடுகூட உறுதியாக இருக்கும். கெடுவது அந்த ஓட்டுக்குள் வைத்து மூடிய பலகையும் நுரையும்தான். இரண்டையும் கெடுப்பது தண்ணீர். அது எந்தத் துளை வழியாக நுழைந்தது, எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ரெசின் டப்பாவைத் திறந்தால், அழுகலை அழகாக மூடி வைத்த கதையாகிவிடும்.

இங்கே சொல்லப்படும் அளவுகள் 16 முதல் 20 அடி வரை நீளமுள்ள, மேல்தளம் இல்லாத, பின்னால் அவுட்போர்டு மோட்டார் மாட்டும் படகுக்கானவை. தமிழகக் கடற்கரையில் ஓடும் 28, 30 அடி மீன்பிடிப் படகுக்கும் முறை இதேதான்; பொருளும் ஆளும் கூடும், அவ்வளவே.

முதலில் தட்டிப் பாருங்கள்

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியாலோ ஐந்து ரூபாய் நாணயத்தாலோ அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பின்பக்கம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடமும், உள்ளே பலகை ஊறிய இடமும் மொத்தையாகக் கேட்கும். மொத்தை ஒலி தரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

அடுத்து, மோட்டார் மாட்டும் பின்பலகை, அதாவது டிரான்சம். மோட்டார் மாட்டியிருந்தால் அதன் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். இல்லாவிட்டால் டிரான்சத்தின் மேல்விளிம்பில் ஏறி நின்று அழுத்துங்கள். வளைந்து கொடுத்தாலோ, உள்மூலைகளில் விரிசல் திறந்து மூடினாலோ உள்ளே பலகை போய்விட்டது என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் உள்பக்கத்திலிருந்து, அடிப்பகுதிக்குக் கொஞ்சம் மேலே, 6 மி.மீ. பிட்டால் மூன்று நான்கு துளை போடுங்கள். வெளி ஓட்டைத் துளைத்துவிடாதபடி பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வரும் தூள் வெளிறி உலர்ந்திருந்தால் நிம்மதி. கறுத்து, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் டிரான்சத்தை மாற்றியே ஆகவேண்டும். மேலே உலர்ந்து கீழே ஈரமாக இருப்பதும் சகஜம். அது பாதி வேலை என்று எண்ணிவிடாதீர்கள், ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அறிகுறி அது.

தரைப்பலகைக்கு அடியிலும் இருக்கைப் பெட்டிகளுக்குள்ளும் இருக்கும் நுரையையும் இதேபோல் துளையிட்டு, ஒரு துண்டு எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஊறிய நுரை ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ தண்ணீரைச் சுமந்து நிற்கும். படகு வழக்கத்தைவிட அதிகமாக அமிழ்கிறது என்று விற்பவர் சொன்னால் முதல் சந்தேகம் இதுதான்.

மணலில் இழுத்து ஏற்றும் படகு என்றால் ஏராவை, அதாவது அடியின் நடுமுதுகை, விரலால் தடவிப் பாருங்கள். ஓட்டின் வெளிப்பூச்சான ஜெல்கோட் தேய்ந்து இழை நூல்நூலாகத் தெரிந்தால் அந்த வழியாகவும் நீர் ஏறும். ஓட்டின் தடிமனை வடிகால் துளையின் ஓரத்தில் அளந்துகொள்ளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு குறுகிய காலத்தில் ஏராளமான பைபர் படகுகள் கட்டப்பட்டன. அந்த அவசரத்தில் மெலிதாகப் போனவையும் உண்டு. அடிப்பகுதியை உள்ளங்கையால் அழுத்தினால் தகரம்போல அமுங்கி மீள்கிறது என்றால் அது மெலிந்த ஓடு.

டிரான்சம், நெடுக்குச் சட்டம், தரை மூன்றும் அழுகி, ஓடும் வளைகிறது என்றால் அந்தப் படகை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். ஊறிப்போன படகை மலிவாகத் தருகிறார்கள் என்பதற்காக வாங்குபவர் அந்தப் பணத்தைப்போல் சில மடங்கை ரெசினுக்குக் கொடுப்பார். பணம் கொடுக்குமுன் பதிவுச் சான்றையும் பார்த்துவிடுங்கள். மீன்பிடிப் படகாகப் பதிவானது என்றால் மீன்வளத் துறையில் பெயர் மாற்றம் நடக்க வேண்டும்.

இடமும் பருவமும்

மேலே கூரை, பக்கங்கள் திறப்பு: இதுதான் சரியான இடம். மூடிய ஷெட்டில் ரெசின் ஆவி தேங்கும். திறந்த வெயிலில் ரெசின் மேலே சட்டென்று இறுகி, இழைக்குள் ஊற நேரம் கிடைக்காது. கிழக்குக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். ஈரக் காற்றில் பலகையும் உலராது, ரெசினும் சரியாக இறுகாது. தை பிறந்து பங்குனி வரை நல்ல காலம். காலையில் பனி காய்ந்தபின் தொடங்கி, பத்து பதினொரு மணிக்குள் அடுக்கும் வேலையை முடித்துவிடுவது நல்ல பழக்கம்.

படகைத் தாங்க டயர்களும் மணல் மூட்டைகளும் போதும். ஏரா முழுக்கத் தாங்கல் இருக்க வேண்டும், அணியத்திலும் பின்மூலைகளிலும் தனியாக முட்டுக் கொடுக்க வேண்டும். டிரான்சத்தையோ தரையையோ வெட்டி எடுத்ததும் ஓடு தன் இறுக்கத்தை இழந்துவிடும். கோணிய நிலையில் புதுப் பலகை ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரம், படகு எப்போதும் ஒரு பக்கம் இழுத்தபடி ஓடும். அதனால் வெட்டுமுன் பின்பக்கத்தின் அகலத்தை மேலும் கீழும் அளந்து எழுதி, பக்கவாட்டுக்குக் குறுக்கே ஒரு ரீப்பரைத் திருகி வையுங்கள். டிரான்சத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள்.

உடம்பைக் காத்துக்கொள்வது

பைபரைக் கிரைண்டரில் தேய்க்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குப் போகக்கூடாது. அதற்கு என்95 முகமூடி போதும். ரெசின் ஆவிக்கு அது போதாது. கரிமப் பொருள்களின் ஆவியை வடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாட்டிய அரைமுக முகமூடிதான் வேண்டும். முழுக்கைச் சட்டை, நைட்ரில் கையுறை, பக்கமும் மூடிய கண்ணாடி மூன்றும் கட்டாயம். அரிப்பு எடுத்தால் முதலில் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், வெந்நீர் இழைத்தூளைத் தோலுக்குள் இன்னும் இறக்கும்.

ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர், அதாவது எம்இகேபி, ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அதைத் துடைத்த துணி தானாகவே தீப்பற்றக்கூடும், தண்ணீரில் நனைத்து வெளியே போடுங்கள். ரெசினில் உள்ள ஸ்டைரீன் 31 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவியைத் தரும். நம் ஊரில் பகல் வெப்பமே அதைத் தாண்டும். பீடி, அடுப்பு, தீப்பொறி பறக்கும் கிரைண்டர் எதுவும் பக்கத்தில் கூடாது.

கடையில் என்ன கேட்பது

பாலியஸ்டர் ரெசினில் ஜிபி, ஐசோ என்று இரண்டு கிடைக்கும். ஜிபி மலிவு, ஆனால் நீரைத் தாங்கும் தன்மை குறைவு. படகுக்கு ஐசோ வாங்குங்கள், விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். எபாக்ஸி இன்னும் விலை கூடியது, ஆனால் பலகையிலும் பழைய பைபரிலும் மிக நன்றாகப் பிடிக்கும். பலகை ஒட்டவும் அதன் ஓரங்களை அடைக்கவும் மட்டும் எபாக்ஸி வாங்கி, இழை அடுக்குகளுக்கு ஐசோ என்று பிரித்துக்கொள்ளத் தோன்றும். அங்கேதான் ஒரு சிக்கல்: பாலியஸ்டர் மேல் எபாக்ஸி ஒட்டும், இறுகிய எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது. புதிதாகத் தொடங்குபவர் டிரான்சம் முழுவதையும் ஒரே வகையில் முடிப்பதே பாதுகாப்பு. எபாக்ஸியில் முடித்தால் மேலே ஜெல்கோட் கிடையாது, பெயின்ட்தான். அதோடு, மேட் எனப்படும் சாதாரண இழை விரிப்பின் இழைகளைப் பிணைக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் அந்த மேட் விறைத்தே நிற்கும். எபாக்ஸிக்கு நெய்த துணியை வாங்குங்கள்.

இழையில் இரண்டு வகை. 450 மேட் என்பது சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள, இழைத் துண்டுகள் சிதறிய விரிப்பு. இறுகினால் ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன் தரும். 610 ரோவிங் என்பது பாய்போல் நெய்தது, ஏறக்குறைய 0.8 மி.மீ. தடிமன் தரும், வலிமை அதிகம். ரோவிங்கின் மேல் நேரடியாக இன்னொரு ரோவிங் போட்டால் இடையில் பிடிமானம் இருக்காது, எப்போதும் நடுவில் ஒரு மேட் வரவேண்டும்.

ரெசின் அளவை இப்படிக் கணக்கிடலாம்: மேட்டின் எடையைப்போல் இரண்டேகால் மடங்கு, ரோவிங்கின் எடைக்குச் சமம். உதாரணமாக டிரான்சம் 1.4 மீட்டர் அகலம், 0.55 மீட்டர் உயரம் என்றால், பக்கங்களிலும் அடியிலும் ஏறி மடியும் பகுதியோடு சேர்த்து 1.2 சதுர மீட்டர். மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட் என்று ஐந்து அடுக்குக்கு மேட் 1.6 கிலோ, ரோவிங் 1.5 கிலோ. ரெசின் 3.6 கிலோவும் 1.5 கிலோவும், ஆக 5 கிலோவுக்குச் சற்று மேல். பட்டிக்கும் ஒட்டுவதற்கும் 3 கிலோ, வீணாவதற்கு ஒன்றரைக் கிலோ. 10 கிலோ வாங்கினால் சரியாக இருக்கும்.

பலகைக்குக் கடைக்காரரிடம் "வாட்டர் புரூஃப் பிளை" என்று கேட்காதீர்கள். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை என்று கேட்டு, முத்திரையைக் கண்ணால் பாருங்கள். ஐஎஸ் 303 முத்திரை உள்ளது வீட்டு அலமாரிக்கு. 18 மி.மீ. தடிமனில் எட்டுக்கு நாலு அளவு ஷீட் ஒன்று வாங்கினால் மேலே சொன்ன டிரான்சத்துக்கு இரண்டு துண்டும் கிடைத்துவிடும். மீதிச் சாமான்கள்: அசிட்டோன், 2 அங்குல பிரஷ் ஒரு டஜன், காற்றுக்குமிழி வெளியேற்றும் பள்ளவரி உலோக ரோலர், கிராம் காட்டும் தராசு, ஊசியில்லாத சிரிஞ்ச், பிளாஸ்டிக் மக்குகள், பனியன் வேஸ்ட், கிரைண்டருக்கு 36 அல்லது 40 எண் டிஸ்க்.

ரெசின் கலக்கும் வரிசை

நம் கடைகளில் பெரும்பாலும் ரெசின், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட், ஹார்டனர் மூன்றும் தனித்தனியாகத் தருவார்கள். ஊதா நிறத்தில் இருப்பது கோபால்ட், தண்ணீர்போல் தெளிவாக இருப்பது ஹார்டனர். கோபால்ட்டும் ஹார்டனரும் ஒன்றோடொன்று நேராகச் சேர்ந்தால் தீயோ வெடிப்போ நிச்சயம். ஒரே மூடியில், ஒரே சிரிஞ்சில், ஒரே அலமாரித் தட்டில் இரண்டையும் வைக்காதீர்கள். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி, நிறம் சீராகும்வரை கலக்குங்கள். அதன் பிறகுதான் ஹார்டனர். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டி வையுங்கள்.

ஹார்டனர் ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம், கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். கோபால்ட்டின் செறிவு கடைக்குக் கடை மாறும், ஆகவே டப்பாவில் போட்டிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். புது டப்பா திறந்ததும் 100 கிராம் கலந்து, எத்தனை நிமிடத்தில் கூழாகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். இருபது நிமிடம் கிடைத்தால் வசதி. சீக்கிரம் கூழானால் கோபால்ட்டைக் குறையுங்கள், நிழலுக்கு மாறுங்கள், சிறிது சிறிதாகக் கலக்குங்கள். ஹார்டனரை 1 சதவீதத்துக்குக் கீழே இறக்கி நேரத்தை நீட்டப் பார்ப்பதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ரெசின் வெளியே கெட்டியாகத் தெரியும், உள்ளே வாழ்நாள் முழுக்க முழுதாக இறுகாது. சந்தேகம் வந்தால் மறுநாள் அசிட்டோன் நனைத்த துணியால் தேயுங்கள். மேற்பரப்பு மென்மையாகிப் பிசுபிசுத்தால் இறுகவில்லை என்று பொருள். ஆனால் மெழுகு சேர்க்காத ரெசினின் மேல்தோல், காற்று படுவதால், இறுகிய பிறகும் லேசாக ஒட்டத்தான் செய்யும். அடுத்த அடுக்குக்கு அது நல்லதே. கடைசி அடுக்கில் மட்டும் மெழுகுக் கரைசல் கலந்துகொள்ளுங்கள், அல்லது மேலே பாலியஸ்டர் ஷீட்டை விரித்து அமுக்குங்கள்.

மக்கில் மீந்த ரெசின் சூடேறிப் புகைய ஆரம்பித்தால் வெளியே மணலில் கொட்டுங்கள். குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனால் தொட்டியே எரியும்.

டிரான்சம் மாற்றுதல்

வெட்டுமுன் அட்டையில் டிரான்சத்தின் அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோடு, மோட்டார் போல்ட் துளைகள், மேல்விளிம்பின் உயரம், சாய்வு எல்லாம் அதில் இருக்கட்டும். டிரான்சம் செங்குத்துக்கு ஏறக்குறைய 12 டிகிரி பின்சாய்ந்திருப்பதே வழக்கம். மோட்டாரின் கால் நீளத்துக்கு ஏற்ப உயரம் 15 அங்குலமோ 20 அங்குலமோ இருக்கும். பழைய படகுக்கு வேறு கால் நீளமுள்ள மோட்டார் வாங்கப்போகிறீர்கள் என்றால், உயரத்தை மாற்ற இதுவே நேரம்.

உள்பக்கத் தோலை மட்டும் கிரைண்டரில் வெட்டி எடுங்கள். ஓரங்களில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் போதும், அதை அப்புறம் சரிவாகத் தேய்க்கலாம். வெளித் தோலைத் தொடாதீர்கள். படகின் வடிவமும் நீங்கள் ஒட்டப்போகும் அச்சும் அதுதான். உள்ளே அழுகிய பலகை ஊறிய கரும்புச் சக்கைபோல் கையோடு வரும். அழுகாத பகுதிதான் வம்பு செய்யும். உளியும் சுத்தியலும் கொண்டு மெல்லப் பெயர்த்து, கடைசியில் கிரைண்டரில் தேய்த்து, வெளித் தோலின் உள்முகம் முழுக்க மினுமினுப்பு போய்ச் சொரசொரப்பாகும்வரை வாருங்கள். பக்கங்களிலும் அடியிலும் 6 அங்குலம் தள்ளிவரை அதேபோல் தேய்க்க வேண்டும், புது அடுக்குகள் அங்கேதான் ஏறி உட்காரும்.

இனி உலர்த்துதல். அவசரக்காரர்கள் கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான். இரவில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவைத்து, காலையில் பாருங்கள். உள்முகத்தில் நீர்த்திவலை இருந்தால் இன்னும் காயவில்லை. ஃபேன் வைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வந்தாலும் காத்திருங்கள்.

பலகை போன பிறகு வெளித் தோல் தொய்ந்து உப்பும். வெளியிலிருந்து நேரான இரண்டு ரீப்பர்களைக் குறுக்கே வைத்து இறுக்கி, தோலை நேராக்குங்கள். இதை விட்டால் டிரான்சம் தொப்பை போட்டபடியே இறுகிவிடும்.

இரண்டு பிளைத் துண்டுகளையும் நடுவில் நனைந்த 450 மேட் வைத்து ஒட்டி, எடை ஏற்றி ஒரு நாள் விடுங்கள். மொத்தம் 37 மி.மீ. வரும், உள்ளும் வெளியும் தோல் சேர்ந்தால் 46 மி.மீ.க்கு மேலும் போகலாம். உங்கள் மோட்டாரின் கிளாம்ப் அதற்குத் திறக்கிறதா என்று இப்போதே அளந்துகொள்ளுங்கள். பலகையின் ஓரங்கள் ஓட்டைத் தொடாமல் சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி இருக்கட்டும், நேராக முட்டினால் அந்தக் கோட்டில் வெளியே விரிசல் விழும். ஓரங்களை உருட்டித் தேய்த்து, வெட்டுமுகத்தில் ரெசினை அது குடிப்பது நிற்கும்வரை இரண்டு மூன்று முறை தடவுங்கள். தண்ணீர் பிளைக்குள் போவது முகத்தின் வழியாக அல்ல, வெட்டுமுகத்தின் வழியாகத்தான்.

ஒட்டுமுன் ரெசின் போடாமல் ஒருமுறை உள்ளே இறக்கிப் பாருங்கள், கிளாம்ப் எங்கெங்கே என்று ஒத்திகை பார்த்துவிடுங்கள். பிறகு வெளித் தோலின் உள்முகத்தில் இரண்டு அடுக்கு மேட்டை நன்றாக நனைத்து விரித்து, பலகையிலும் ரெசின் தடவி, வைத்து அழுத்துங்கள். சுற்றிலும் ரெசின் பிதுங்க வேண்டும். பிதுங்காத பக்கத்தில் காற்று சிக்கியிருக்கிறது. அதற்காக வெறிகொண்டு முறுக்கினால் எல்லா ரெசினும் வெளியேறி ஒட்டு வறண்டுபோகும். சீராக அமர்ந்தால் போதும்.

இறுகியதும் சுற்றியுள்ள இடைவெளியைப் பட்டியால் அடைத்து, மூலைகளை ஒரு அங்குல ஆர வளைவாக உருட்டுங்கள். ரெசினில் ஏரோசில் என்ற மெல்லிய சிலிக்காத் தூளும் துண்டு இழையும் கலந்தால் வழியாத நல்ல பட்டி கிடைக்கும். டால்க் மட்டும் கலந்த பட்டி தேய்க்க எளிது, ஆனால் மூலையில் நிற்கும் வலிமை அதற்கு இல்லை. இழை கூர்மூலையில் படியாது. மூலையை உருட்டாவிட்டால் அங்கே காற்றுப்பை நிற்கும், முதலில் வெடிப்பதும் அதுதான்.

இனி ஐந்து அடுக்குகள். முதல் அடுக்கு பக்க ஓட்டில் 3 அங்குலம் ஏறட்டும். அடுத்தடுத்தவை முக்கால் அங்குலம் கூடுதலாக ஏறி, கடைசி அடுக்கு 6 அங்குலத்தில் முடியட்டும். எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டில் ஓடு முறியும். ரெசினை முதலில் தடவி, அதன்மேல் மேட்டை விரித்து, பிரஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். வெண்மை மறைந்து கண்ணாடிபோல் ஆனால் நனைந்துவிட்டது. பிறகு உலோக ரோலரால் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஒரே மூச்சில் மூன்று அடுக்குக்கு மேல் போகாதீர்கள், வெப்பம் தேங்கிச் சுருங்கும். மீதியை மறுநாளுக்குள் போட்டுவிட்டால் நடுவில் தேய்க்கத் தேவையில்லை. தள்ளிப்போனால் 40 எண் தாளால் தேய்த்துத் தூளைத் துடைத்துவிட்டுத்தான் தொடர வேண்டும். கடைசியாக மேல்விளிம்பை மூன்று அடுக்கு மேட்டால் மடித்து மூடுங்கள். பழைய டிரான்சங்கள் பல அழுகத் தொடங்கியது மேல்விளிம்பில் மாட்டிய அலுமினியப் பட்டைக்கு அடியில், மூடாமல் விட்ட விளிம்பிலிருந்துதான்.

தரையும் நுரையும்

தரைப்பலகை மாற்றுவதும் இதே வேலைதான், சிறிய அளவில். 12 மி.மீ. மரைன் பிளை, இரு முகமும் ஓரமும் ரெசின், மேலே ஒரு மேட் ஒரு ரோவிங். அடியில் தேங்கும் தண்ணீர் பின்பக்கம் ஓடிவர, குறுக்குச் சட்டங்களின் அடியில் வழி விட்டிருக்க வேண்டும்.

நுரையைக் கொஞ்சம் கணக்குப் போட்டு வையுங்கள். பைபர் தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு அடர்த்தி கொண்டது. 300 கிலோ ஓடு முழுக்க மூழ்கினால் தண்ணீருக்குள் 100 கிலோ எடை காட்டும். மோட்டார் 40 கிலோ, பிடித்துத் தொங்கும் நான்கு பேருக்கு 60 கிலோ என்று வைத்தால் 200 கிலோ மிதப்பு வேண்டும். கொஞ்சம் கூட்டி 250 லிட்டர் மூடிய துளை நுரை வையுங்கள். இரண்டு திரவம் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன் நுரை, கன மீட்டருக்கு 35 கிலோ அடர்த்தியில், இதற்கு ஏறக்குறைய 9 கிலோ பிடிக்கும். ஒரே தடவையில் ஊற்றினால் உப்பிப் படகின் ஓட்டுச் சுவரையே வெளியே தள்ளும், சில லிட்டராக ஊற்றுங்கள். நுரையை எல்லாம் அடியில் வைத்தால் கவிழ்ந்த படகு கவிழ்ந்தே மிதக்கும். பக்க விளிம்புகளுக்குக் கீழும் இருக்கைப் பெட்டிகளிலும் வைத்தால் நிமிர்ந்து நிற்கும். தெர்மாகோல் வேண்டாம். பாலியஸ்டர் ரெசின் பட்டாலே கரைந்துபோகும், சிந்திய பெட்ரோலும் அதைத் தின்றுவிடும்.

ஓட்டை, விரிசல், கொப்புளம்

ஓட்டையை அடைக்கத் தேவையானது அகலமான சரிவு. ஓட்டின் தடிமன் 5 மி.மீ. என்றால் ஓட்டையைச் சுற்றி 60 மி.மீ. வரை சரிவாகத் தேய்க்க வேண்டும், அதாவது பன்னிரண்டு மடங்கு. வெளிப்பக்கம் மெழுகு தேய்த்த சன்மைக்காத் துண்டை டேப்பால் ஒட்டி, உள்ளிருந்து அடுக்குங்கள். வெளிமுகம் வழவழப்பாகக் கிடைக்கும். பெரிய துண்டை முதலில் போட்டு, அதன்மேல் சிறியவற்றை வையுங்கள். சிறியதை முதலில் போடுபவர்களும் உண்டு, ஆனால் பெரிய துண்டு சரிவு முழுக்க நேரடியாகப் பிடிக்கிறது என்பதால் இதுவே மேல்.

நட்சத்திரம்போல் கிளைத்த விரிசல் எங்கோ இடித்ததன் அடையாளம். வரிசையாக ஓடும் விரிசல்கள் அந்த இடம் வளைகிறது என்று சொல்கின்றன. அதை மேலே பட்டி போட்டு மூடினால் அடுத்த மாதமே திரும்ப வரும், உள்ளே தாங்கல் சட்டம் ஒன்று கூட்டினால்தான் நிற்கும்.

காயலிலோ ஆற்றிலோ மாதக்கணக்கில் நீரிலேயே கிடந்த படகுகளில் அடியில் கொப்புளம் காணும். உடைத்தால் காடி வாடையுடன் நீர் வரும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள். திறந்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டு, எபாக்ஸிப் பட்டியால் நிரப்புங்கள். தேய்ந்த ஏராவுக்கு மூன்று நான்கு அடுக்கு மேட்டைப் படிப்படியாக அகலமாக்கிப் போடுங்கள். மணலில் இழுப்பவர்கள் இன்னும் இரண்டு கூட்டிக்கொள்ளலாம்.

மேல்பூச்சு

ஜெல்கோட் வெளுத்து மாவுபோல் ஒட்டுகிறது, ஆனால் தடிமன் மீதமிருக்கிறது என்றால் 600, 800, 1200 எண் வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டும் மெழுகும் போட்டாலே போதும். இழை தெரிய ஆரம்பித்தால் நிறுத்துங்கள். புதிதாக ஜெல்கோட் பிரஷால் அடித்தால் ஆரஞ்சுத் தோல்போல் வரும், அதைச் சமன்செய்யவே ஒரு வாரம் போகும். முதல் படகுக்கு எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், இருகலவைப் பாலியூரித்தேன் பெயின்ட் இரண்டு கோட் என்பதே சுலபம். ஆனால் அந்தப் பெயின்ட் எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியில் கொப்புளிக்கும். தண்ணீரிலேயே கட்டிவைக்கும் படகு என்றால் அடியில் எபாக்ஸியும் அதன்மேல் பாசி தடுக்கும் பூச்சும் அடியுங்கள். தினமும் கரையேற்றும் படகுக்குப் பாசிப் பூச்சு வீண்செலவு.

துளைகள், மோட்டார், தண்ணீர்

இத்தனை வேலைக்குப் பிறகு புது டிரான்சத்தில் நேராகத் துளை போட்டு போல்ட் மாட்டுவது, தண்ணீருக்குத் திரும்பவும் கதவைத் திறந்துவிடுவது. 10 மி.மீ. போல்ட்டுக்கு 16 மி.மீ. துளை போட்டு, எபாக்ஸிப் பட்டியால் முழுக்க அடைத்து, இறுகியபின் அதன் நடுவே 10 மி.மீ. துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது மரம் அல்ல, எபாக்ஸி. வடிகால் துளைக்கும் இதே முறை. போல்ட், வாஷர் 316 ஸ்டெயின்லெஸ். 304 கடல்நீரில் பழுப்பேறும். கடல்தரப் பாலியூரித்தேன் சீலன்ட்டைத் துளையிலும் வாஷரின் அடியிலும் தடவி, முதலில் பாதி முறுக்கி, சீலன்ட் காய்ந்தபின் மீதியை முறுக்குங்கள்.

மோட்டாரை நடுக்கோட்டில் வைத்து, புரொப்பெல்லருக்கு மேலுள்ள கிடைத்தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஒரு அங்குலம் கீழாகவோ வருகிறதா என்று நீளமான ரூல் வைத்துப் பாருங்கள். மேலே நின்றால் திரும்பும்போது காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும், அதிகம் கீழே போனால் வேகம் குறைந்து தண்ணீர் வாரியடிக்கும்.

இறக்குமுன் கரையிலேயே உள்ளே 5 செ.மீ. அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் நிரப்பாதீர்கள், முட்டுக்கொடுத்த இடங்களில் ஓடு வளையும். பிறகு இடுப்பளவு அமைதியான நீரில் இறக்கி, ஒரு மணி நேரம் சும்மா கட்டி வையுங்கள். மூலைகளையும் போல்ட்களையும் கையால் தடவிப் பார்த்துவிட்டு மோட்டாரைக் கிளப்பி, பாதி வேகத்துக்கு மேல் போகாமல் ஒரு சுற்று வாருங்கள். முதல் நாலைந்து ஓட்டம் முடிந்ததும் டிரான்சம் போல்ட்களை ஸ்பேனர் வைத்துச் சோதியுங்கள். நட் கால் சுற்றுக்கு மேல் ஏறினால் வாஷருக்கு அடியில் ஏதோ அமுங்குகிறது. அந்த போல்ட்டைக் கழற்றி, துளையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஓட்டம்.